பழைய லேப்டாப் ஆன் ஆகவில்லையா? கடைக்குத் தூக்கிப் போகும் முன் பார்க்க வேண்டியவை

சர்வீஸ் கடையில் போய் “ஆன் ஆகலைங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ஐம்பது ரூபாய் பட்டன் செல் தீர்ந்துபோனாலும் அதையேதான் சொல்கிறோம், போர்டு எரிந்துபோனாலும் அதையேதான் சொல்கிறோம். எது என்று நமக்கே தெரியாதபோது கடைக்காரர் தனக்குத் தோதானதைச் சொல்வார். என் தங்கையின் லேப்டாப்புக்கு ஒரு கடையில் “மதர்போர்டு போயிருச்சு, ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்” என்றார்கள். இன்னொரு கடையில் ராமை (போர்டில் செருகியிருக்கும் தற்காலிக நினைவகப் பட்டை) கழற்றித் துடைத்துப் போட்டதும் ஓடியது. அவர் வாங்கியது முந்நூறு ரூபாய். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

ஏறக்குறைய 2012 முதல் 2018 வரை வந்த விண்டோஸ் லேப்டாப்புகளை மனதில் வைத்து எழுதியது இது. தமிழக அரசு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த அந்தக் காலத்து லேப்டாப்புகளும் இதில் அடக்கம். மேக்புக்குக்கும், ராமைப் போர்டிலேயே சால்டர் செய்த ஒல்லி மாடல்களுக்கும் பாதிதான் பொருந்தும். விலைகள் எல்லாம் தோராயம். ஊருக்கு ஊர் மாறும், ராம், எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) விலை மாதத்துக்கு மாதம் மாறும்.

1. எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

பவர் பட்டனை அழுத்திவிட்டு, அவசரப்படாமல் இரண்டு நிமிடம் பாருங்கள். நான்கில் ஒன்றுதான் நடக்கும்.

அ. விளக்கே எரியாது, ஃபேன் சத்தமும் வராது.
ஆ. விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும்.
இ. கம்பெனி லோகோ வரும், அதோடு நிற்கும். அல்லது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதாவது வரும்.
ஈ. விண்டோஸ் வட்டம் சுற்றும், நீலத் திரை வரும், திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும்.

இதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பீப் சத்தம் வந்தால் அது வீடியோவில் பதிவாக வேண்டும். எத்தனை பீப், எத்தனை முறை விளக்கு சிமிட்டியது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. கடைக்குப் போனதும் லேப்டாப் திடீரென்று ஒழுங்காக ஓடித் தொலைக்கும். அப்போதும் இந்த வீடியோ உதவும்.

2. முதலிலேயே எடுத்து வைக்க வேண்டியவை

லேப்டாப்பின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரையும், அடாப்டரில் அச்சிட்டிருக்கும் லேபிளையும் படம் எடுங்கள். மாடல் எண், சீரியல் எண் இரண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். டெல் என்றால் ஏழு எழுத்து சர்வீஸ் டேக் போதும். அதை வைத்தே அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை எடுத்துவிடலாம். எந்த ஸ்க்ரூ எங்கே என்று படத்தோடு இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டைத் தேடி எடுங்கள். டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் பூட்டு) பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புப் பக்கம்) எதையாவது மாற்றியதுமே 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கக்கூடும். சில மாடல்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்த அன்றே அது தானாகப் பூட்டிக்கொண்டிருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. போனில் அதே கணக்கில் நுழைந்து டிவைசஸ் பகுதியில் பார்த்தால் கீ இருக்கும். பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். கீ இல்லை என்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. “நாங்க எடுத்துத் தர்றோம்” என்று சொல்லும் கடையை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

சாமான்கள்: சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பென்சில் அழிக்கும் ரப்பர், எட்டு ஜி.பி.க்குக் குறையாத காலி பென்டிரைவ், ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள், கடன் வாங்க இன்னொரு கம்ப்யூட்டர். ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, அந்தந்த இடத்திலேயே ஒட்டி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் முறுக்கினால் மேல் பக்கம் புடைத்துக்கொண்டு வந்துவிடும், சில சமயம் போர்டிலேயே இடிக்கும்.

3. விளக்கே எரியவில்லை என்றால்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். அடாப்டரில் விளக்கு இருந்தால் அதைக் கவனியுங்கள். பின்னை லேப்டாப்பில் செருகாதபோது எரிந்து, செருகியதும் அணைந்தால் இரண்டில் ஒன்று: அடாப்டர் நொந்துபோயிருக்கிறது, அல்லது லேப்டாப் உள்ளே ஷார்ட். அதே வோல்டேஜ், அதே பின் உள்ள வேறொரு அடாப்டரை மாட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கடன் வாங்கும் அடாப்டரில் வோல்ட் பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட். டெல் அடாப்டரின் பின்னுக்கு நடுவே முடி மாதிரி ஒரு கம்பி இருக்கும். அது வளைந்தாலோ, டூப்ளிகேட் அடாப்டராக இருந்தாலோ லேப்டாப் அதை அடையாளம் காணாது. அடாப்டர் வகை தெரியவில்லை என்று திரையில் சொல்லும், பேட்டரி சார்ஜ் ஏறாது, மெஷின் ஆமை வேகத்தில் ஓடும். இதைப் பார்த்துவிட்டுப் புது பேட்டரி வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். கம்பேட்டிபிள் அடாப்டர் அறுநூறிலிருந்து ஆயிரத்துக்குள் கிடைக்கும், ஒரிஜினல் அதைப்போல் இரு மடங்கு.

அடாப்டர் சரி என்றால்: பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் அடாப்டரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். மின்னல் வெட்டிய ராத்திரிக்கு மறுநாளும், கரன்ட் போய்ப் போய் வந்த நாளிலும் செத்ததுபோல் கிடக்கும் லேப்டாப்புகள் சில இதற்கே எழுந்துவிடும். பேட்டரி உள்ளே இருக்கும் மாடலில் அடிமூடியைத் திறந்து பேட்டரியின் ஒயரைப் பிடுங்க வேண்டும். சில திங்க்பேட்களில் அடியில் குண்டூசி நுழையும் ரீசெட் ஓட்டை உண்டு. லெனோவோவின் மற்ற மாடல்களில் இருக்கும் இதே மாதிரி ஓட்டை வேறு, அது பூட் மெனுவுக்கானது, அதாவது எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல்.

ஒரு எச்சரிக்கை. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ, அடிமூடி மேசையில் படியாமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். கழற்றத் தெரியாவிட்டால் அப்படியே கடைக்குக் கொண்டு போங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

4. விளக்கு எரிகிறது, டிஸ்பிளே வரவில்லை என்றால்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

முதலில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது. கோளாறு திரைப் பக்கம். அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடியுங்கள். மங்கலாக லோகோவோ ஐகான்களோ தெரிந்தால் பேக்லைட் (திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் விளக்கு) போயிருக்கிறது. டார்ச்சுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றால் டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டுங்கள். டி.வி.யில் படம் வந்தால் போர்டு, ராம், டிஸ்க் எல்லாமே நன்றாக இருக்கின்றன. திரை அல்லது திரைக்குப் போகும் ஒயர்தான் பிரச்சினை. சில மாடல்களில் விண்டோஸ் முழுதாக ஏறிய பிறகே டி.வி.யில் படம் வரும் என்பதால் ஐந்து நிமிடமாவது காத்திருங்கள்.

கேப்ஸ் லாக் தட்டுக்கு அசையாமல் இருந்தாலோ, தானே சிமிட்டினாலோ ராம் மீதுதான் முதல் சந்தேகம். எச்.பி.யில் கேப்ஸ் லாக் சிமிட்டும், டெல்லில் பவர் அல்லது பேட்டரி விளக்கு நிறம் மாறிச் சிமிட்டும். எத்தனை தடவை என்று எண்ணி சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

ராமைக் கழற்றுவது சிரமமே இல்லை. பிளக்கும் பேட்டரியும் கழன்றிருக்க வேண்டும், அது முக்கியம். இரண்டு பக்கமும் இருக்கும் வெள்ளிக் கொக்கிகளை வெளிப்புறமாகத் தள்ளினால் ராம் தானாகச் சாய்வாக மேலே எழும். அப்படியே இழுத்தால் வந்துவிடும். அதன் விளிம்பில் தங்க நிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். கடலோர ஊர்களில் வைத்திருந்த லேப்டாப் என்றால் அந்தப் பட்டைகள் மங்கிக் கறுத்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். தேய்த்த இடம் பளிச்சென்று வரும். ரப்பர் தூளை ஊதாதீர்கள், வாய் ஈரம் படும்; காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டுக்குள்ளும் அதே பிரஷ்தான்.

திரும்பப் போடும்போது சாய்வாகச் செருகி, தங்கப் பட்டை முழுதும் உள்ளே மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அழுத்துங்கள். இரண்டு கொக்கியும் ‘டிக்’ என்று விழ வேண்டும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், அதையே இன்னொரு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை வைத்து இதே மாதிரி. நான்கு விதமாகப் போட்டுப் பார்த்தால் கெட்டது ராமா ஸ்லாட்டா என்று விடை வந்துவிடும். ராமை மாற்றியபின் முதல் தடவை ஆன் செய்யும்போது திரை ஒரு நிமிடத்துக்கும் மேல் கறுப்பாகவே இருக்கலாம், தானே ஒருமுறை அணைந்தும் எரியலாம். பயந்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

புது ராம் வாங்க வேண்டியிருந்தால் கழற்றிய ராமையே கையில் எடுத்துப் போங்கள். டி.டி.ஆர்.3-க்கும் டி.டி.ஆர்.4-க்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாறிச் செருக முடியாது. ஆனால் டி.டி.ஆர்.3-க்கும் டி.டி.ஆர்.3எல்-க்கும் வெட்டு ஒரே இடம்தான், வோல்டேஜ்தான் வேறு: 1.5, 1.35. 1.35 மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் 1.5-ஐப் போட்டால் மறுபடியும் கறுப்புத் திரைதான்.

5. அந்தச் சின்ன செல்லும், அது வைக்கும் பெரிய வம்பும்

ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போகிறதா? வெப்சைட் எல்லாம் பாதுகாப்பில்லை என்று சொல்கிறதா? பயாஸ் செல் தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சி.ஆர்.2032, மூன்று வோல்ட். வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். லேப்டாப்புகள் பலவற்றில் அந்தச் செல்லையே பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சிவப்பு கறுப்பு ஒயரோடு வைத்திருப்பார்கள். ஒயரோடு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், நூறு இருநூறு ஆகும்.

செல் தீர்ந்தாலும், கழற்றி மாற்றினாலும் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். அப்போது டிஸ்க்கைப் படிக்கும் முறை ஏ.எச்.சி.ஐ.-யிலிருந்து ரெய்டுக்கு மாறியிருக்கும், அல்லது பூட் முறை லெகசிக்கும் யூ.ஈ.எஃப்.ஐ.-க்கும் இடையே மாறியிருக்கும். விண்டோஸ் எந்த முறையில் போடப்பட்டதோ அந்த முறையில்தான் எழும். மாறினால் முதல் வகையில் ‘இன்ஆக்செசிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத் திரை, இரண்டாவது வகையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. விண்டோஸுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. ஆனால் கடையில் “ஓ.எஸ். கரப்ட், பார்மட் பண்ணணும்” என்பார்கள். பயாஸுக்குள் போய் அந்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, செலவு கிடையாது. லேப்டாப் நன்றாக ஓடும் வீட்டுக்காரர்கள் இன்றைக்கே பயாஸ் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பயாஸுக்குள் நுழைய: டெல், ஏசர், ஆசஸ், லெனோவோ ஐடியாபேட் என்றால் எஃப்2. திங்க்பேட் எஃப்1. எச்.பி.யில் எஸ்கேப் தட்டிப் பிறகு எஃப்10. பூட் மெனு டெல், லெனோவோவில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12-தான், ஆனால் பயாஸில் அதை முதலில் இயக்கி வைக்க வேண்டியிருக்கும். பட்டனை அழுத்திப் பிடிக்காமல், ஆன் செய்த உடனே தட்டிக்கொண்டே இருங்கள்.

6. லோகோவோடு நின்றால்

பென்டிரைவ், மெமரி கார்டு, பிரின்டர் ஒயர், உள்ளே மறந்த டி.வி.டி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். நிறையப் பேருக்கு இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்து பயாஸில் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி ஒருமுறை செருகுங்கள். பட்டை ஒயரால் இணைந்திருந்தால் அந்த ஒயரும் போயிருக்கலாம். டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் அதோடு நிறுத்துங்கள். அதன் பிறகு ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பது இன்னும் கெடும். கல்யாண போட்டோ, கணக்கு வழக்கு மாதிரி வேறெங்கும் இல்லாதது அதில் இருந்தால் டேட்டா ரெக்கவரி மட்டும் செய்பவர்களிடம் போக வேண்டும். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும், நிலைமை மோசம் என்றால் பத்தாயிரத்தைத் தாண்டும். சாதாரண கடைக்காரர் டிஸ்க்கையே திறந்து பார்க்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள்.

7. விண்டோஸில் சுற்றிக்கொண்டே இருந்தால்

இரண்டு மூன்று தடவை தொடர்ந்து பாதியில் நின்றால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் பக்கத்தைக் காட்டும். ஸ்டார்ட்அப் ரிப்பேர், அதில் ஆகாவிட்டால் கடைசியாக ஏறிய அப்டேட்டை நீக்குவது, பிறகு சேஃப் மோட், பிறகு சிஸ்டம் ரீஸ்டோர். இந்த வரிசையிலேயே போங்கள். ‘ரீசெட் திஸ் பி.சி.’ கடைசிக்கும் கடைசி. ஃபைல்களை வைத்துக்கொள்ளச் சொன்னாலும் போட்டிருந்த சாஃப்ட்வேர் எல்லாம் போய்விடும்.

நேரக் கணக்கு: ஸ்டார்ட்அப் ரிப்பேர் அரை மணி நேரத்துக்குள் முடியும். பழைய ஹார்ட் டிஸ்க்கை முழுதாகச் சோதிக்க ஒரு ராத்திரிகூட ஆகலாம். பழைய லேப்டாப்பில் பேட்டரி பேருக்குத்தான் இருக்கும். நடுவில் கரன்ட் போனால் இருந்ததும் கெடும். யூ.பி.எஸ். இருக்கும் பிளக்கில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

8. எதையும் அழிக்கும் முன் டேட்டாவை வெளியே எடுங்கள்

இன்னொரு கம்ப்யூட்டரில் விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓ.எஸ். லினக்ஸ் மின்ட்டை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் பென்டிரைவில் ஏற்றி, பூட் மெனு வழியாக அதிலிருந்தே லேப்டாப்பை எழுப்பலாம். இன்ஸ்டால் பட்டனை மட்டும் தொடாதீர்கள். திரை வந்ததும் பழைய டிஸ்க்கைத் திறந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்துகொள்ளலாம். விண்டோஸ் சரியாக மூடப்படாமல் இருந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. நமக்கு அது போதும். இது வேண்டாம் என்றால் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யூ.எஸ்.பி. கேபிளால் வேறு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். கேபிள் முந்நூறு ரூபாய் அளவில் இருக்கும்.

எல்லாரும் டி டிரைவை எடுத்துவிட்டு, சி டிரைவில் ‘யூசர்ஸ்’ ஃபோல்டரை மறப்பார்கள். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்ததெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கடை வைத்திருப்பவர்கள் டேலி (கணக்கு மென்பொருள்) டேட்டா ஃபோல்டரைத் தனியாகத் தேடி எடுங்கள், அவுட்லுக் பயன்படுத்துபவர்கள் மெயில்கள் இருக்கும் அதன் பி.எஸ்.டி. ஃபைலை.

9. டிஸ்க் மாற்றுவது என்று முடிவானால்

பழைய ஹார்ட் டிஸ்க் போன இடத்தில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் போடாதீர்கள். 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. போடுங்கள், 256 ஜி.பி. போதும். பத்து வருட லேப்டாப்பிலும் வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரியும்.

“ஒரிஜினல் விண்டோஸுக்குத் தனியாக மூவாயிரம்” என்று கேட்டால் நின்று யோசியுங்கள். உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் 10 ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்தால் அந்த உரிமம் போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாறினாலும், ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ என்று அதே பதிப்பைப் போட்டு நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை சிப்பும் வேண்டும். 2015 மாடலில் முறைப்படி ஏறாது. பேங்க் வேலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் மட்டும் என்றால் நான்கு ஜி.பி. ராமிலேயே லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடும். டேலி வேண்டும் என்பவர்களுக்கு அது சரிப்படாது.

10. கடைக்குப் போகும்போது

அடாப்டர், போர்டு, திரை சம்பந்தப்பட்ட வேலை என்றால் ஹார்ட் டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அந்த வேலைக்கு உங்கள் டிஸ்க் தேவையில்லை. “டெஸ்ட் பண்ண வேணும்” என்றால் அவர்களிடம் இருப்பதை மாட்டிக்கொள்ளட்டும்.

சொல்ல வேண்டியதை இப்படிச் சொல்லுங்கள்: “அடாப்டர் மாத்திப் பார்த்தாச்சு, ராம் ரெண்டு ஸ்லாட்லயும் போட்டுப் பார்த்தாச்சு, டி.வி.லயும் டிஸ்பிளே வரலை.” இதைச் சொன்னதும் பேச்சே மாறும்.

ஜாப் ஷீட் இல்லாமல் ஒப்படைக்காதீர்கள். அதில் லேப்டாப் சீரியல் எண், ராம் எவ்வளவு, டிஸ்க் உண்டா இல்லையா, அடாப்டர் கொடுத்தீர்களா, பார்க்கும் கட்டணம் எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். பார்க்க மட்டும் இருநூறிலிருந்து ஐந்நூறு வரை வாங்குவார்கள்; ரிப்பேர் செய்தால் அதைக் கழிப்பார்களா என்று அப்போதே கேளுங்கள். “கேக்காம எதுவும் மாத்தாதீங்க” என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

போர்டு வேலைக்குச் சிப் லெவல் சர்வீஸ் (போர்டில் உள்ள சின்னச் சின்னப் பாகங்களையே மாற்றும் வேலை) செய்பவரிடம்தான் போக வேண்டும். சென்னையில் என்றால் அண்ணா சாலைக்குப் பின்னால் ரிச்சி தெருவில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். மற்ற ஊர்களில் தெருமுனைக் கடைக்காரரே இன்னொருவரிடம் அனுப்பி வாங்குவார், அதனால் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். செலவு இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை. எந்தப் பாகத்தை மாற்றுகிறார் என்று கேளுங்கள். ‘ஹீட்’ வைத்துச் சரி செய்கிறேன் என்றால் வேண்டாம். சில வாரத்தில் திரும்பக் கறுப்புத் திரை வரும். மூன்று மாதமாவது வாரன்டி எழுதித் தருபவரிடம் கொடுங்கள். கேட்கும் தொகை, அதே மாதிரி செகண்ட் ஹேண்ட் லேப்டாப் விலையில் பாதியைத் தொட்டால் எஸ்.எஸ்.டி., ராம், அடாப்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு மெஷினை விட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

திரும்ப வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே இரண்டு தடவை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். ராம் அளவு, டிஸ்க் அளவு ஜாப் ஷீட்டில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கேமரா, வைஃபை, கீபோர்டின் எல்லாப் பட்டன்கள், சார்ஜ் ஏறுகிறதா என்பதையும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில் தராமலோ, சொன்னதற்கு மேல் பிடுங்கவோ பார்த்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். புகார் எழுத ஜாப் ஷீட்டும் முதல் படியில் எடுத்த வீடியோவும் கையில் இருக்க வேண்டும்.